குழாயில் குடியேறும் பூஞ்சை: கேள்வி பதில்

பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இங்குள்ள ஆய்வகமொன்றின் நுண்ணுயிரியல் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை: டாக்டரம்மா, ஐசியூவில் இருக்கும் அப்பாவின் இரத்தத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை இருக்கிறதாம். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அதற்குக் கேட்கும் என்று ரிப்போர்ட் வந்தும் காய்ச்சல் விடவில்லையே?

ஆய்வகத்தில் நாங்கள் மருந்தைச் சோதிப்பது திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் செல்களின் மீது. மருந்தேற்ற அப்பாவின் கழுத்து நாளத்தில் போட்டிருக்கும் குழாயின் உட்சுவரிலோ, அதே பூஞ்சை ஒட்டிக்கொண்டு, இழைகளாக நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, ஓரிரு நாளுக்குள் தன்னைச் சுற்றிப் பசை போன்ற படலத்தைச் சுரந்துகொள்கிறது. அந்தப் பசையிலுள்ள பீட்டா குளுக்கான் மருந்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. தப்பி உள்ளே நுழைவதையும் செல்லின் சவ்விலுள்ள புரதப் பம்புகள் வெளியே தள்ளுகின்றன. குழாயை எடுக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள். இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் பூஞ்சை இல்லை என்றான பின்னும் பொதுவாக 14 நாள் மருந்து தொடர வேண்டும்.

வேலந்தாவளம், மருந்துக்கடை: மருந்தின் அளவைக் கூட்டினால் போதாதா? வயதானவருக்குக் குழாயை மாற்றுவது வேதனையல்லவா?

வேதனைதான், மறுக்கவில்லை. ஆனால் படலத்துக்குள் இருக்கும் செல்களை அடக்க, மிதக்கும் செல்களுக்குத் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்கு வரை மருந்து தேவைப்படுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அவ்வளவை எந்த உடலும் தாங்காது. எக்கினோகேண்டின் வகை, லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் ஆகிய வேறு பூஞ்சை மருந்துகள் படலத்தின் மீது ஃப்ளுகோனசோலைவிட நன்றாக வேலை செய்யும்.

அவரே மீண்டும்: குழாயை எடுக்காமலே தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் பார்த்திருக்கிறேன். வெள்ளணுக்கள் மிகக் குறைந்த புற்றுநோயாளிகளுக்குப் பூஞ்சை குடலிலிருந்தே இரத்தத்துக்குள் வந்திருக்கலாம்; அங்கே குழாயை எடுப்பதால் பெரிய பலன் இராது. அதை முடிவு செய்ய வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் மருத்துவர். சிலர் தேறினார்கள் என்பதை மற்றவர்களுக்கும் விதியாக்கிக் குழாயை விட்டுவைத்தால், படலத்திலிருந்து செல்கள் உதிர்ந்து கண்ணுக்கும் இதய வால்வுக்கும் போய்ச் சேரக்கூடும். இதில் என்னால் விட்டுக்கொடுக்க இயலாது.

சித்தூர்: கள்ளில் உள்ள ஈஸ்ட்டும் இதுதானா?

இல்லை. கள்ளைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் என்ற வேறு ஈஸ்ட்.

கொல்லங்கோடு: படர்தாமரைக்கு எந்தக் கிரீம் போடலாம்?

அது ஈஸ்ட் அன்று. தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமை மட்டும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கோவிந்தாபுரம்: பாட்டிக்குப் பல்செட்டின் கீழே அண்ணம் சிவந்து, மாத்திரையில் குறைந்து, மறுபடி வருகிறது.

பல்செட்டைக் கழற்றி, அண்ணத்தில் படியும் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அதுவும் இத்தகைய படலமே. தினமும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரவில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம்: வீட்டில் மீந்த ஃப்ளுகோனசோலை வெள்ளைப்படுதலுக்குப் போடலாமா?

இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கூடாது. அந்த மருந்துக்கு மசியாத கேண்டிடா இனங்களும் உண்டு; அரைகுறையாக விழுங்கினால் எஞ்சுவது அவைதான்.

நெம்மாறை: கேண்டிடா ஆரிஸ் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

வீட்டில் நலமாக இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவமனைதான் அஞ்ச வேண்டும். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இந்தக் கேண்டிடாவை, 2022இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது. பெரும்பாலான ஆரிஸுக்கு ஃப்ளுகோனசோல் கேட்பதில்லை. நோயாளியின் தோலிலும் கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்காது, குளோரின் கலந்தது போன்றவை வேண்டும். உறவினரைப் பார்க்கப் போனால் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். கட்டிலின் மேல் உட்காராதீர்கள்.