ஆதாரில் அப்பாவின் போன் நம்பர்: வாசகர் கேள்வி – பதில்

வீடில்லாத இளையோர் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். தெருவோரப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் பதில் சொல்கிறார்கள். 'போர்வை எங்கே கொடுக்கலாம்?' என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது கடைசியில் வருகிறது.

ராத்திரி பத்து மணிக்கு ரயில்வே நடைமேடையில் 14, 15 வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டேன். மனசு கேட்கவில்லை. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, அரக்கோணம்

இட்லி நல்ல ஆரம்பம். கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 2023 முதல் அரசே இதை நடத்துகிறது. அவசர எண் 112-உடனும் இணைத்திருக்கிறார்கள். ரயில் நிலையம் என்றால் ரயில்வே உதவி எண் 139-ம் உண்டு. நடைமேடையில் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலர் இருந்தால் அவரிடமே சொல்லலாம். பெரிய நிலையங்கள் பலவற்றில் குழந்தைகள் உதவி மையம் என்று தனி மேசையே இருக்கிறது.

போனில் சொல்வதைத் திருத்தமாகச் சொல்லுங்கள். "ஸ்டேஷன்ல ஒரு பையன்" என்றால் வருபவர் எல்லா நடைமேடையிலும் அலைவார். அதற்குள் பையன் ஏதாவது வண்டியில் ஏறிவிடுவான். எத்தனையாவது நடைமேடை, தலைக்கு மேலே தொங்கும் கோச் பலகையில் என்ன எண், சட்டை என்ன நிறம், கையில் என்ன பை, இதெல்லாம் சொல்ல வேண்டும். முடிந்தால் ஆள் வரும்வரை இருங்கள்.

பயணியையும் வீட்டை விட்டு வந்த பிள்ளையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. பயணி, அறிவிப்பு வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பான். வந்த வண்டி எல்லாம் போன பிறகும் இவன் அசைய மாட்டான். பை சின்னதாக இருக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பைதான். போன் இருந்தாலும் அணைத்து வைத்திருப்பான்.

பேசும்போது எதிரே நிற்காதீர்கள். ஓர் ஆள் இடைவெளி விட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "எந்த ஊரு? அப்பா பேரு என்ன?" என்பது போலீஸ் கேள்வி. "சாப்பிட்டியா?" போதும். பையைத் தொட வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம். அடுத்த நிமிடமே நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள்.

நல்ல மனசோடு செய்யும் தவறுகள் சில உண்டு. பையனிடமிருந்து நம்பர் வாங்கி நேரே அப்பாவுக்குப் போன் போடுவது ஒன்று. அவன் ஓடி வந்ததே அந்த அப்பாவிடமிருந்தா என்று உங்களுக்குத் தெரியாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் 'அதிகம் பகிரவும்' என்று போடுவது இன்னொன்று. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தப் படம் பிள்ளை வீடு திரும்பிப் பத்து வருடம் ஆன பிறகும் சுற்றும். பாவம் என்று நம் வீட்டுக்கே கூட்டிப் போய் வைத்துக்கொள்வதும் ஆபத்துதான். கைவிடப்பட்ட, தொலைந்துபோன குழந்தை என்று தெரிந்தும் பொறுப்பில் வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் தகவல் தராவிட்டால் அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தகவல் போன பிறகு என்ன நடக்கும்? பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பையனை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை வாங்குவார்கள். வீடு பாதுகாப்பு என்று தெரிந்தால் அனுப்புவார்கள். இல்லையென்றால் குழந்தைகள் இல்லத்திலோ நம்பகமான உறவினரிடமோ சேர்ப்பார்கள். விசாரிக்காமல் அவசரமாக வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை திரும்பவும் ஓடிவரும். அடுத்த முறை இன்னும் தூரமாக ஓடும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் அக்கா மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான். வயது 17. "ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவான்" என்கிறார்கள் ஸ்டேஷனில். காத்திருக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

காத்திருக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் காணவில்லை என்று புகார் வந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கடத்தலாக இருக்கக்கூடும் என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்க வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு 1098-க்கும் சொல்லுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சமீபத்திய படம் (பாஸ்போர்ட் படத்தைவிட முழு உருவம் தெரியும் படம் நல்லது), கடைசியாக உடுத்தியிருந்த உடை, மச்சம் தழும்பு விவரம், போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், நெருங்கிய நண்பர்கள் மூவரின் எண்கள். நண்பர்களை மிரட்டாமல் கேளுங்கள்; பாதி நேரம் பதில் அங்கேதான் இருக்கும். நான்கு மாதம் ஆகியும் கிடைக்கவில்லை என்றால் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. நீங்கள் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

அவன் திரும்பி வரும் ராத்திரி 'ஏன் போன?' என்று யாரும் கேட்க வேண்டாம் என உங்கள் அக்கா வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். குளிக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும்.

இன்னொன்று: அவனுக்கு 18 முடிந்திருந்தால் கதையே வேறு. கண்டுபிடித்தாலும், "என் விருப்பத்தில் வந்தேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு அவன் தன் வழியில் போகலாம்.

உழைக்க மனமில்லாதவர்கள்தானே தெருவில் படுக்கிறார்கள்? கை கால் நன்றாக இருக்கும் இளைஞர்களுக்கு எதற்கு உதவி?
– வாசகர், கரூர்

விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. சமையல் வேலை, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, வண்டியில் சரக்கு ஏற்றுவது என்று வேலை செய்துவிட்டுத்தான் நடைபாதையில் படுக்கிறார்கள். கூலி தினமும் கிடைக்கும், அட்வான்ஸ் சேராது. வாடகை வீடு என்றால் பல மாத வாடகையை முன்பணமாக எண்ணி வைக்க வேண்டும், அதோடு "பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை."

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களைப் பிப்ரவரி 28 இரவில் தனியாக எண்ணினார்கள்: சாலையோரம், மேம்பாலத்தின் அடி, பெரிய குழாய்களின் உள்ளே, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை. நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். ஒரே ராத்திரியில் எண்ணியது. நண்பன் அறையில் ஒரு வாரம், கடை மாடியில் ஒரு வாரம் என்று நகரும் இளைஞன் இதில் வரவே மாட்டான்.

காரணம் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையிலேயே பிறந்து, நடைபாதையிலேயே கல்யாணம் செய்து, அங்கேயே பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எந்த வீட்டையும் விட்டு வரவில்லை. குடிக்கிற அப்பாவின் அடி, அம்மாவின் மறுமணம், காதல், கடன் என்று வந்தவர்கள் வேறு ரகம். மகனாகப் பிறந்து தன்னை மகளாக உணர்ந்ததால் வீட்டாரால் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்ததும் வெளியே வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் எந்தத் தேதியில் வெளியே வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தும் தடுக்காமல் விடுவது இவர்கள் விஷயத்தில்தான்.

நான் நிதியுதவி செய்யும் இல்லத்தில் ஒரு பெண்ணுக்கு வரும் ஜூனில் 18 முடிகிறது. அப்பா அம்மா இல்லை. அதன்பின் அவள் எங்கே போவாள்?
– வாசகி, மதுரை

இப்போதே தொடங்குங்கள், மே மாதம் தொடங்கினால் தாமதம். இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு உண்டு. இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 18 முதல் 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை, தங்குமிடம், படிப்பு, பயிற்சிக்கு உதவலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். இது தானாக வராது. இல்லத்தின் கண்காணிப்பாளர் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய தனிப்பட்ட பராமரிப்புத் திட்டத்தில் 18-க்குப் பிறகு என்ன என்ற பகுதி நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். 'உறவினரிடம் ஒப்படைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த உறவினர் யார், கடைசியாக எப்போது பார்க்க வந்தார் என்றும் கேளுங்கள்.

4,000 ரூபாய் போதாது. சென்னையில் மூன்று பேர் பகிரும் அறைக்குச் சாப்பாட்டோடு 6,000 முதல் 8,000 வரை ஆகிறது. வேலை கிடைத்தால், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளில் முயலலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் சேரும்.

வெளியேறும் முன் அவள் கையில் இருக்க வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் அல்லது குழந்தைகள் நலக் குழுவின் வயது நிர்ணய உத்தரவு. அசல்கள் இல்லத்து பீரோவிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மைனர் வங்கிக் கணக்கை மேஜர் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்; மாற்றாவிட்டால் கணக்கு முடங்கி உதவித்தொகை உள்ளே வராது.

நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, வேலைப் படிவத்தில் 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பதற்கு அவளிடம் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பண உதவியைவிட இதைக் கேட்டால்தான் தயங்குகிறார்கள் நிறையப் பேர்.

எங்கள் பட்டறைக்கு வேலை கேட்டு 19 வயதுப் பையன் வந்தான். பஸ் ஸ்டாண்டில் படுக்கிறான். ஆதார் இல்லை, கணக்கு இல்லை. எப்படிச் சம்பளம் போடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் ஆதார் எடுத்திருப்பான், அட்டைதான் வீட்டில் இருக்கும். அதனால் புதிதாகப் பதியக் கூட்டிப் போகாதீர்கள். கைரேகை பழைய பதிவோடு பொருந்தி, இரட்டைப் பதிவு என்று தள்ளுபடி ஆகும். ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் பொருந்தாமல் போகலாம். அப்போது கருவிழி வைத்து முயலச் சொல்லுங்கள்.

எண் கிடைத்ததும் ஒரு சிக்கல் வரும். ஓ.டி.பி. போவது அப்பாவின் போனுக்கு. சிம், வங்கி, வேலைப் பதிவு எதற்கு முயன்றாலும், எந்த வீட்டிலிருந்து வந்தானோ அந்த வீட்டில் மணி அடிக்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள். போன் எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். மையத்தில் நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். அதை முதலில் செய்துவிடுங்கள். முகவரி மாற்றம் பிறகு வரட்டும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் தங்கினால் அதன் பொறுப்பாளர் உரிய படிவத்தில் சான்று தரலாம்.

ஆவணம் எதுவும் இல்லாமலே வங்கியில் 'சிறு கணக்கு' தொடங்கலாம். தானே கையெழுத்திட்ட படம் ஒன்று, அதிகாரி முன்னால் கையெழுத்து அல்லது ரேகை. ஆண்டுக்கு 1 லட்சம் வரை வரவு, இருப்பு 50,000-க்குள், மாதம் 10,000 வரை எடுக்கலாம். ஓர் ஆண்டு செல்லும்; ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னோர் ஆண்டு. கவுண்டரில் "அப்படி ஒன்று இல்லை" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளரை அடையாளம் காணும்) விதியில் இருக்கிறது என்று மேலாளரிடம் சொல்லுங்கள்.

வாக்காளர் பட்டியலிலும் சேரலாம். படிவம் 6-இல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து அங்கே தூங்குகிறானா என்று பார்ப்பார். முகவரிச் சான்று கேட்கக் கூடாது.

மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடத்துக்கும் அனுப்பலாம் (சென்னையில் என்றால் 1913-இல் கேட்கலாம்). ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வருபவனுக்குக் கதவு திறப்பார்களா, போனைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் இளைஞர்கள் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை.

எங்கள் தெருமுனையில் ஓர் இளம்பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு படுத்திருக்கிறாள். யாரைக் கூப்பிடுவது?
– வாசகி, திருச்சி

காவல் நிலையத்தை. மனநல பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆம் பிரிவு இதை அவர்கள் கடமையாக்குகிறது: லாக்கப்பில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். பெண் என்பதால் பெண்கள் உதவி எண் 181-க்கும் சொல்லுங்கள். இரவுக்குள் சொல்வது முக்கியம்.

மழைக்காலத்தில் போர்வையும் பிரியாணிப் பொட்டலமும் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எங்கே கொடுக்கலாம்?
– நண்பர்கள் குழு, தாம்பரம்

பிரியாணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் நாலு குழு வந்து கொடுக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒருவரும் வருவதில்லை. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்தான், இரவில் சப்பாத்தியும் கிடைக்கும். வாரநாளில் அங்கே சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பது பொட்டலத்தைவிட மேல். போர்வை மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும், அதுவரை சுமைதான். ஆறுக்கு ஒன்பது அடி தார்ப்பாய், ரப்பர் செருப்பு, சானிட்டரி நாப்கின், சோப்பு, சின்னப் பூட்டு, பவர் பேங்க், இவையெல்லாம் உடனே பயன்படும். செருப்பு வாங்கும் முன் அளவு கேட்டுக்கொண்டு வாருங்கள்; அந்தச் சாக்கில் ஒருமுறை பேசியிருப்பீர்கள்.