அண்ணாச்சி பதில்கள்: காயலோரமும் கடலோரமுமாக ஒரு வாரம்

(போன இதழில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து கொல்லம் வரைக்கும் சைக்கிளில் போனதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் முழுக்க.)

அண்ணாச்சி, எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் சத்தம் போடுகிறது. கியர் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். கொச்சிக்கும் கொல்லத்துக்கும் நடுவில் கடலோரமாக மேடு என்று சொல்ல இருப்பது பாலங்கள் மட்டும்தான். பால்காரர் ஓட்டுகிற சாதா சைக்கிளே போதும். கையில் பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, ஒரு சின்ன பாட்டில் செயின் எண்ணெய் இருக்கட்டும். உப்புக்காற்று செயினை ராவோடு ராவாகத் துருப்பிடிக்க வைத்துவிடும். தினமும் சாயங்காலம் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?
– வாசகி, சேலம்

சராசரியாக முப்பதிலிருந்து நாற்பது. அதற்கு மேல் போனால் சைக்கிள்தான் ஊர் பார்க்கும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

முதல் நாள் ஃபோர்ட் கொச்சியில், வண்டிகளை ஏற்றிப் போகும் ரோ-ரோ படகில் சைக்கிளோடு ஏறி வைப்பின் தீவு. செராய் கடற்கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், அதாவது உப்பங்கழி. மறுநாள் திரும்பி வந்து செல்லானம் வழியாகக் கடலோரச் சாலையில் தெற்கே அர்த்துங்கல். சபரிமலை போய் வந்த சாமிமார் பலர் இங்கே செபஸ்தியார் கோயில் என்று பெயர்பெற்ற புனித அந்திரேயா பேராலயத்தில்தான் மாலை கழற்றுவார்கள். ஜனவரி 20 திருவிழாவை ஒட்டிப் போனால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். அப்புறம் சேர்த்தலை தாண்டி, காயலைக் கடந்து வைக்கம். அங்கிருந்து குமரகம் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்முக்கம் தடுப்பணை மேலேயே மிதித்து ஆலப்புழை.

ஆலப்புழையில் சாமானை இறக்கி வைத்துவிட்டு ஒரு முழு நாள் குட்டநாட்டுக்கு. இந்த ஒரு நாளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரப்புப் பாதை ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். வலது பக்கம் வாய்க்காலில் வள்ளம் போகும், கிட்டத்தட்ட நம் பெடல் உயரத்துக்கு. இடது பக்கம் நெல் வயல், வள்ளத்துக்கும் கீழே கிடக்கும். கடல் மட்டத்தை விடத் தாழ்ந்த நிலம். வயலில் தேங்குகிற தண்ணீரை மேலே வாய்க்காலுக்குத் தள்ள 'பெட்டியும் பறையும்' என்று ஒரு மோட்டார் இறைப்பு வைத்திருக்கிறார்கள். கரையோரம் மரப்பெட்டி ஒன்று இரைந்துகொண்டே நுரைத் தண்ணீரைக் கக்குவதைப் பார்க்கலாம். அது நின்றால் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். இன்னொன்று, அடியில் படகு போக வேண்டும் என்பதால் நடைபாலங்களைக் கூன் முதுகாகக் கட்டிப் படி வைத்திருப்பார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் ஏற வேண்டும். கோவில்பட்டிக்காரர் இதைக் கவனிக்கவும்.

மீதி இரண்டு நாள் கடலோரமாகவே தெற்கே: அம்பலப்புழையில் பால் பாயசம், தோட்டப்பள்ளி மதகுகள், திருக்குன்னப்புழா லாக் (படகு கடக்கும் மதகு), வலியழீக்கல் பாலம், நீண்டகரை, கொல்லம். 2022-இல் வலியழீக்கல் பாலம் திறக்கும் முன்பு ரொம்ப தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

ஹவுஸ்போட்டில் ஏறாமல் ஒரு கேரளப் பயணமா?
– வாசகர், மதுரை

ஆமாம். ஏசி அறையில் படுத்துக்கொண்டு காயலைப் பார்க்க உங்கள் வீட்டு டிவி போதுமே.

வைக்கம் என்றீர்களே, பெரியார் நினைவிடம் வழியில் வருமா?
– வாசகர், ஈரோடு

ஈரோட்டிலிருந்து கேட்காமல் வேறு எங்கிருந்து கேட்பார்கள்! வழியில் வராவிட்டாலும் வரவழைத்துப் போக வேண்டிய இடம். மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1924 மார்ச் 30-இல் தொடங்கிய போராட்டம். தலைவர்களை வரிசையாகப் பிடித்து உள்ளே போட்ட பிறகு, கூப்பிட்டதும் பெரியார் இங்கிருந்து போய் இரண்டு முறை சிறைக்குப் போனார். நினைவிடத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பர் 12 அன்று இரண்டு மாநில முதலமைச்சர்களும் சேர்ந்து திறந்தார்கள். பார்த்துவிட்டு அந்தக் கோயில் தெருக்களிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு சுற்று நடங்கள்.

சேர்த்தலைப் பக்கம் தவணக்கடவிலிருந்து வைக்கத்துக்குப் படகு உண்டு. 2017-இல் விட்ட 'ஆதித்யா', இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு, ஓடுவது இந்த வழியில்தான். சைக்கிளை ஏற்றலாமா என்று படகுத்துறையில் கேளுங்கள். ஆபீஸ் நேரம் தவிர்த்துக் கேட்டால் நல்லது. முடியாது என்றால் வருத்தம் வேண்டாம், தண்ணீர்முக்கம் வழியாகவே போய் அதே வழியில் திரும்பலாம்.

அந்தத் தடுப்பணையில் சும்மா கடந்து போகாமல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். 1976-லிருந்து இயங்குகிறது. டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கிக் கோடை வரைக்கும் கடல் உப்பு குட்டநாட்டு வயலுக்குள் ஏறாமல் தடுக்கிறார்கள். விவசாயிக்கு அது மூடியிருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் மீனை நம்பிப் பிழைக்கிறவருக்கோ திறந்திருக்க வேண்டும். டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் அடுத்த ஒரு மணி நேரம் போயிற்று.

நானும் தோழியும் மட்டும் போகலாமா? கழிப்பறை, தங்குமிடம் எல்லாம்?
– வாசகி, திருச்சி

தாராளமாகப் போங்கள் அம்மா. காலை ஆறுக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் மிதிப்பதை முடித்துவிடுங்கள். வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். ஊருக்கு ஊர் ஹோம்ஸ்டே இருக்கிறது. முதல் நாளே போன் போட்டு, சைக்கிளை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். மதியத்துக்குக் குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் சுயஉதவிக் குழு) பெண்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை தென்பட்டால் விடாதீர்கள். சோறு, மீன் குழம்பு கிடைக்கும், கை கழுவ, முகம் கழுவ இடமும் இருக்கும். கடலோரத்தில் கழிப்பறை குறைவு, ஆகவே பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் 'இப்போது வேண்டாம்' என்று தாண்டாதீர்கள்.

கள்ளுக்கடை?
– வாசகர், தூத்துக்குடி

கப்பையும் (நம் மரவள்ளிக் கிழங்கு) மீன் கறியும் பிரமாதம். கள் சாயங்காலத்துக்கு. காயல் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

ஆலப்பாடு பக்கம் கடல் ஊருக்குள் வருகிறது என்கிறார்களே, போவது ஆபத்தா?
– வாசகர், நாகர்கோவில்

வலியழீக்கல் பாலம் தாண்டியதும் வருகிற ஊர்தான் ஆலப்பாடு. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் பயமில்லை. ஜூன், ஜூலையில் அந்தப் பக்கமே வேண்டாம். வலது கைப்பக்கம் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். இடது கைப்பக்கம் டி.எஸ். கால்வாய், அதாவது திருவனந்தபுரம்–ஷொர்ணூர் கால்வாய். நடுவில் வீடு, தென்னை, பள்ளிக்கூடம், எல்லாம் ஒரு நாடாவில். 2004 சுனாமியில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இங்கே இறந்துபோனார்கள். உங்கள் மணவாளக்குறிச்சி மாதிரியே இங்கும் கறுப்பு மணல்: இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் கலந்தது. மணல் எடுப்பதால்தான் கரை கரைகிறது என்று 2018-லும் அதற்குப் பிறகும் ஊர்க்காரர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். தங்கள் தாத்தா காலத்துக் கரை எங்கே இருந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கடலுக்குள் கை காட்டுவார்கள். அங்கே கேமராவைக் கொஞ்சம் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் 'காட்சி', அவர்களுக்கு வாசல்.

சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?
– வாசகர், சென்னை

பார்சல் ஆபீசில் பதிவு செய்து லக்கேஜ் பெட்டியில் ஏற்ற வேண்டும். வண்டி புறப்படுகிற ஊரில் ஏற்றி, கடைசியாக நிற்கிற ஊரில் இறக்குவதுதான் நிம்மதி. நடுவில் இரண்டு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனில் உங்கள் சைக்கிளைத் தேடி யாரும் பெட்டிக்குள் குதிக்க மாட்டார்கள். ஆகவே சென்னை–ஆலப்புழை எக்ஸ்பிரசில் போய் ஆலப்புழையில் இறக்கி, வடக்கே கடலோரமாகக் கொச்சி, வைப்பின் பார்த்துவிட்டு வைக்கம் வழியாக ஆலப்புழைக்கே திரும்புங்கள். அப்புறம் தெற்கே கொல்லம். திரும்புவதற்குக் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாகச் சென்னை வரும் ரயில்; 1904-இல் மீட்டர் கேஜாகத் தொடங்கி 2018-இல் அகலப் பாதையான மலை வழி. பம்பு, தண்ணீர் பாட்டில், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போடுங்கள். பெயரும் சேர வேண்டிய ஊரும் எழுதிய அட்டையை ஹேண்டில்பாரில் ஒன்று, கேரியரில் ஒன்று என்று இரண்டாகக் கட்டுங்கள். ஒன்று எப்படியும் அறுந்துவிடும்.