120 ஹெர்ட்ஸ் திரை, 60 ஹெர்ட்ஸ் லினக்ஸ்

கேள்வி: ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் பல ஆண்டுகளாக லினக்ஸ் பயன்படுத்துகிறேன். அண்மையில் 4கே, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரை ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். விண்டோஸில் எல்லாம் சரியாக வருகிறது. லினக்ஸில் 60 ஹெர்ட்ஸைத் தாண்டினால் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. உதவி கேட்டால், ‘இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லாதீர்கள், வேண்டுமானால் நீங்களே நிரல் எழுதுங்கள்’ என்கிறார்கள். தன்னார்வலர்களை நம்பிக் கணினி வைத்துக்கொள்ளவே முடியாதா?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய திரையின் பாதி வேகம் வீணாகிறது என்பவரிடம் ‘நீங்களே எழுதுங்கள்’ என்பது பதிலே அல்ல. சொன்னவருக்கே அதை எழுதத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டியது தன்னார்வலர்கள் மீதல்ல. உங்கள் கார்டை லினக்ஸில் இயக்கும் நிரலான டிரைவரைப் பெருமளவு எழுதுபவர்கள் ஏஎம்டியிடம் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள்.

எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 ஜிகாபிட் வரை கடத்தும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு அனுப்ப அது போதும். அதே அளவுக்குள் 120 ஹெர்ட்ஸைத் திணிக்க வேண்டுமானால் நிறத் தகவலைக் குறைத்தாக வேண்டும், எழுத்துகள் மங்குவது அதனால்தான். குறைக்காமல் அனுப்ப 48 ஜிகாபிட் வரை கடத்தும் எச்டிஎம்ஐ 2.1 தேவை. அதன் விதிமுறை ஆவணமோ ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதைச் செயல்படுத்தும் நிரலை எல்லோரும் படிக்கும்படி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்க ஏஎம்டி அனுமதி கேட்டபோது அந்த விதிமுறையை வகுக்கும் அமைப்பான எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. எழுதத் தெரிந்தவர்களுக்கே வெளியிட உரிமை இல்லாதபோது உங்களிடம் ‘எழுதுங்கள்’ என்பது வேடிக்கைதான்.

வழி எளியது: கார்டிலும் திரையிலும் டிஸ்பிளேபோர்ட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்பிளேபோர்ட் 1.4 நொடிக்கு 32.4 ஜிகாபிட் வரை கடத்துவதால் உங்கள் திரைக்குப் போதும். நிரலை எல்லோரும் படிக்கக்கூடிய திறந்த டிரைவர்களில் இதற்கு இத்தகைய தடையும் இல்லை. கணினித் திரைகளில் பெரும்பாலும் இந்தத் துளை இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாக வைத்திருப்பவர்கள்தான் பாவம், அவற்றில் அநேகமாக எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐ 2.1 ஆக மாற்றித் தரும் அடாப்டர் அவர்களுக்கு உதவலாம், ஆனால் மாறும் புதுப்பிப்பு வேகம் (படத்துக்கேற்பத் திரையின் வேகம் மாறுவது) போன்ற வசதிகள் எல்லா அடாப்டரிலும் கிடைப்பதில்லை.

கேள்வி: என்விடியா கார்டுக்கான திறந்த டிரைவரான நூவோ இன்னும் மந்தமாகவே இருப்பது ஏன்?

பதில்: இது உண்மையிலேயே தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை. நிறுவனம் ஆவணம் தராத நிலையில், வன்பொருள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தே எழுதி, 2010இல் கெர்னல் 2.6.33இல் இடம்பெறச் செய்தார்கள். 2014இல் வந்த 900 வரிசைக் கார்டுகளிலிருந்து, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரைக் (கார்டுக்குள்ளேயே இயங்கும் நிரலைக்) கார்டு ஏற்பதில்லை என்றானது. அதனால் கடிகார வேகத்தை உயர்த்த நூவோவுக்கு வழியில்லாமல், கணினி தொடங்கும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே கார்டு ஓடுகிறது. 2018இல் வந்த டூரிங் வகை முதல் வேகத்தைக் கார்டுக்குள் இயங்கும் ஃபர்ம்வேரே நிர்வகிக்க முடிவதால், புதிய கார்டுகளில் நிலைமை தேறியிருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட 900, 1000 வரிசைக் கார்டு உங்களுடையது என்றால் நிறுவனத்தின் மூடிய டிரைவரே கதி. அதிலும் 580 வரிசை டிரைவர்தான் அவற்றை ஆதரிக்கும் கடைசி வெளியீடு.