ஆமைத் தொட்டியில் அடியில் என்ன போடுவது?

பாலைவன ஆமை என்று சொல்லி சல்காட்டா குட்டி கொடுத்தார்கள். தொட்டியில் ஆற்று மணல் பரப்பியிருக்கிறேன். சரிதானே? (மதுரை)

சரியில்லை. சல்காட்டா சஹாராவின் தென் ஓரத்துப் பிராணிதான். ஆனால் கொளுத்தும் வெயில் நேரத்தை அது கழிப்பது தரைக்கு அடியில் தோண்டிய வளைக்குள். அங்கே மண் சில்லென்று ஈரமாக இருக்கும். வெறும் மணலில் அந்த ஈரம் தங்காது. கழுவிய கீரையைப் போட்டால் மணல் அப்பிக்கொண்டு வயிற்றுக்குள் போகும். சேரச் சேரக் குடல் அடைத்துவிடும். வறண்ட காற்றில் வளரும் குட்டிக்கு ஓடு கூம்பு கூம்பாக எழும்பும். சல்காட்டா குட்டிகளையே வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வும், தீவனத்துப் புரதத்தைவிட ஈரப்பதத்துக்கே இதில் பெரிய பங்கு என்கிறது. அப்புறம், பதிவு செய்துவிட்டீர்களா? வெளிநாட்டு இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

பக்கத்துத் தச்சுப்பட்டறையில் மரத்தூள் சும்மா தருகிறார்கள். போடலாமா? (ஈரோடு)

வேண்டாம். பைன், தேவதாரு மரங்களின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். பட்டறைத் தூளில் பிளைவுட் பசையும் கலந்திருக்கும். எந்த மரம் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது.

கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போட்டேன். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? (பொள்ளாச்சி)

பஞ்சு போல இருந்தால் பூஞ்சை. அந்தப் பகுதியை அள்ளி எறிந்துவிடுங்கள். பொடியாக, விரலில் நறநறத்தால் உப்பு. தென்னை நாரிலேயே உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் போய்விடும். உங்கள் ஊரிலேயே கழுவிய ரகம் கிடைக்குமே, கேட்டு வாங்குங்கள். உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்து மண்ணைச் சலித்துச் சரிபாதி கலந்தால் அதைவிட நல்ல படுக்கை இல்லை. குட்டி முழுதாகப் புதைந்துகொள்ளும் ஆழம் வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள்: உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுங்கள். அடி ஈரமாக, மேல்பரப்பு காய்ந்து இருக்கும். மேலேயும் சொதசொதவென்று கிடந்தால் அடி ஓடு அழுகும். வாரம் ஒருமுறை ஆமையைத் தூக்கி வயிற்றுப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். நாற்றமோ மெத்தென்ற இடமோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

வயலில் கிடைத்த நட்சத்திர ஆமைக்கு எந்த விரிப்பு நல்லது? (திருப்பத்தூர்)

எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

படுக்கையில் எறும்பு மொய்க்கிறது. எறும்பு சாக்பீஸால் கோடு போடலாமா? (தாம்பரம்)

கூடாது, அது பூச்சிமருந்து. மிச்சப் பழத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். தொட்டிக்குக் கால் இருந்தால், அந்தக் காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்கு வைத்ததுபோல ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கிண்ணம் தண்ணீர் போதும்.