நிலத்தை விற்க வேண்டாம், நாலு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள்

அம்மா, உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்கும், டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) தான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்களோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு நிலத்தை விற்கலாமா என்று கேட்கிறீர்கள். விற்காதீர்கள். அவள் ஆசைப்படாத படிப்புக்கு, திரும்ப வாங்க முடியாத சொத்தைக் கொடுக்கக் கூடாது.

கவுன்சலிங், கலைக் கல்லூரி பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இளநிலைப் பட்டப்படிப்பு. ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம், வாராவாரம் பயிற்சி, பிறகு நேரில் போய் எழுதும் தகுதித் தேர்வு. தேறினால் சேரலாம். முதல் கட்டத்தில் 8 பாடங்கள், 32 கிரெடிட் (பாட மதிப்பு அலகு). முழுப் பட்டத்துக்கு 142. நடுவில் நின்றாலும் முடித்த கட்டத்துக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. அந்தந்தப் பருவத்தில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். வருமானம், வகுப்பைப் பொறுத்துச் சலுகையும் இருக்கிறது. இது பிடெக் அல்ல. அதை மறைத்து உறவினர்களைச் சமாளிக்க வேண்டாம்.

"வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்தால் உருப்படுவாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாகப் படித்தால் சிரமம்தான். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் வேண்டும். இரண்டு வார வீடியோ சேர்ந்துவிட்டால் பிடிப்பது கடினம். அதனால் தகுதித் தேர்வுக்கான நான்கு வாரத்திலேயே நாலைந்து பேர் கொண்ட குழுவை அவள் அமைத்துக்கொள்ளட்டும். எல்லோரும் ஒரே பருவத்தில் ஒரே பாடங்களை எடுப்பவர்களாக இருக்க வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் தெம்புள்ள ஒருவர், புள்ளியியலில் தெம்புள்ள ஒருவர் இருந்தால் நல்லது. தமிழிலேயே பேசிப் புரிந்துகொள்ளலாம். விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம் கூடினால் போதும். வருவதற்கு முன் ஒவ்வொருவரும் வீடியோ பார்த்து, மதிப்பெண் இல்லாத பயிற்சிக் கணக்குகளைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கொரு தலைப்பை எடுத்து, எழுதி வைத்ததைப் பார்க்காமல் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். நிகழ்தகவில் வரும் பேயஸ் தேற்றம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வாய்விட்டு விளக்கும்போதுதான் எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரியும். தீராத சந்தேகத்தை அந்தப் பாடத்துக்கான ஆன்லைன் கலந்துரையாடல் மன்றத்தில் கேட்கட்டும். "புரியவில்லை" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. கேள்வி என்ன, எதுவரை முயன்றாள், என்ன பிழை வந்தது, மூன்றையும் எழுத வேண்டும்.

குழு கெடுவது பெரும்பாலும் விடையைப் பகிர்வதில்தான். மதிப்பெண் உள்ள பயிற்சியைக் கடைசித் தேதி முடியும்வரை குழுவில் பேசவே கூடாது. ஒருவர் எழுதிய கணினி நிரலை இன்னொருவர் போட்டால், காப்பி என்று இருவருமே மாட்டுவார்கள். அதோடு வினாடி வினாவையும் இறுதித் தேர்வையும் மையத்துக்குப் போய்த் தனியாகத்தான் எழுத வேண்டும். வாங்கிய விடை அங்கே உதவாது. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் டெலிகிராம் குழு விடை தேடுகிறவர்களின் கூட்டம், அதில் படிப்பு நடக்காது. சொல்லாமல் இரண்டு வாரம் வராதவரிடம் நேராகக் கேட்டுவிட்டு, வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மேல்நிலையில் மென்பொருள் பொறியியல் பாடத்தில் குழுவாகவே திட்டப்பணி செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் அங்கே அப்படியே கைகொடுக்கும்.

கல்லூரிச் சூழலும் வேண்டும் என்றால், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி கணிதம் சேரட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்துவிட்டது. அப்போது ஆன்லைன் படிப்பில் ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

இந்த வாரம் விண்ணப்பம் போடுங்கள். தகுதித் தேர்வு முடிவு வரும்வரை நிலப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள்.