'டேபிள்' செய்வோம் என்றால் பேசப்போகிறார்களா, தள்ளிப்போடுகிறார்களா?

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக வேலை செய்கிறேன். நான் அனுப்பிய திட்டத்துக்கு 'லெட்ஸ் டேபிள் திஸ் ஃபார் நவ்' என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் விவாதிப்பார்கள் என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயார் செய்தேன். கூட்டத்தில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நான் புரிந்துகொண்டது தவறா?

பதில்: உங்கள் ஆங்கிலத்தில் குறை இல்லை. நீங்கள் படித்தது பிரிட்டிஷ் வழக்கு. மெயில் எழுதியவருடையது அமெரிக்க வழக்கு. பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒன்றை 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அதற்கு நேர் எதிராக, ஒத்திவைப்பது.

இரண்டுமே சபை நடைமுறையிலிருந்து வந்தவைதான். லண்டன் காமன்ஸ் சபையில் ஆளுங்கட்சி வரிசைக்கும் எதிர்க்கட்சி வரிசைக்கும் நடுவே நிஜமாகவே ஒரு மேசை இருக்கிறது. ஆவணத்தை அங்கே வைத்தால் அது சபையின் முன் வந்துவிட்டதாகக் கணக்கு. உறுப்பினர்கள் கேள்விகளையும் தீர்மானங்களையும் கொடுக்கும் இடத்துக்கு இன்றும் 'டேபிள் ஆஃபீஸ்' என்றுதான் பெயர். நாம் 'மசோதா தாக்கல்' என்று எழுதும் செய்திக்கு இந்திய ஆங்கில நாளிதழ்கள் 'டேபிள்டு' என்று தலைப்புப் போடுவதும் அந்த வழக்கத்தில்தான்.

அமெரிக்கர்களோ, மேசையில் வைத்த காகிதம் அங்கேயே கிடக்கட்டும் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூலான 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்' அங்கே பல சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் வழிகாட்டி. அதன்படி, அவசரமான வேறு விஷயம் குறுக்கிட்டால் கையிலிருப்பதைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கத்தான் இந்த ஏற்பாடு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இன்னும் கடுமை: 'டேபிள்' செய்யும் தீர்மானம் நிறைவேறினால் அந்த விஷயம் அநேகமாக அத்தோடு முடிந்தது. அலுவலகத்திலும் சில நேரம் இதை 'வேண்டாம்' என்பதன் நாசூக்கான வடிவமாகவே சொல்வார்கள்.

இந்தக் குழப்பத்தில் பெரிய மனிதர்களும் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அவசரமான ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள் கூடாது என்றார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்று தெரிவதற்குள் நீண்ட, காரசாரமான வாக்குவாதமே நடந்துவிட்டது என்று சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஃபார் நவ்', 'அன்டில் நெக்ஸ்ட் வீக்' போன்ற ஒட்டு இருந்தால் ஒத்திவைப்புதான். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதும் பெரும்பாலும் சொல்லிவிடும். கனடாக்காரர்களிடம் மட்டும் இரண்டு வழக்கும் உண்டு, அங்கே கேட்டுவிடுவதே நல்லது. 'ஷுட் வீ டிஸ்கஸ் திஸ் டுடே, ஆர் லேட்டர்?' என்று ஒரு வரி போதும். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எழுதும்போது இந்த வினைச்சொல்லே வேண்டாம். 'டிஸ்கஸ்', 'போஸ்ட்போன்' இரண்டும் எல்லா நாட்டிலும் ஒரே பொருளில் புரியும்.

'ஆன் தி டேபிள்' என்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். 'தி ஆஃபர் இஸ் ஸ்டில் ஆன் தி டேபிள்' என்றால், லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்த வாய்ப்பு இன்னும் திறந்திருக்கிறது என்றே பொருள்.