சின்னவன் ஏன் தோற்கிறான்?

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் 2 வாங்கினோம். கூடவே 2003-இல் வந்த ‘ஸ்மாக்டவுன்! ஹியர் கம்ஸ் தி பெயின்’ மல்யுத்த வீடியோ கேம் டிஸ்க். அண்ணனிடம் தினமும் தோற்கும் சின்னவன், “இது கள்ளாட்டம்மா” என்கிறான். குறை கேமிலா, அவனிடமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவன் விரலில்தான். அண்ணன் கை ஓங்கினால் தடுக்க கன்ட்ரோலரில் எல்2 பட்டன், பிடித்தால் ஆர்2. பதற்றத்தில் மாற்றி அழுத்தினால் அடி விழும். தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பதும் உதவாது. அசைவு தொடங்கும் நொடியில் ஒரே அழுத்து.

இந்த கேமின் உயிரே உடற்காயக் கணக்கு. தலை, உடல், கை, கால் தனித்தனியாகச் சேதமாகி, படத்தில் சிவக்கும். காலையே குறிவைத்து அடித்துவிட்டு, காலைப் பூட்டும் பிடி போடச் சொல்லுங்கள்; அண்ணன் சரணடைவான். தலையில் அடித்துவிட்டுக் காலைப் பூட்டினால் வீண் உழைப்பு. திரையில் உள்ள சக்தி மீட்டர் நிரம்பியதும் எல்1-இல் ஃபினிஷர், அதாவது ஆளை வீழ்த்தும் முத்திரை அடி.

குறையும் உண்டு. வர்ணனை கிடையாது, திருவிழாவில் மேளம் இல்லாத மாதிரி. சீசன் கதை சில சுற்றில் சலிக்கும். இருவருக்கு மேல் ஆட, கூடுதல் கன்ட்ரோலர்களை இணைக்கும் மல்டிடேப் வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு இல்லாமல் நிறுத்தினால், ஆடித் திறந்ததெல்லாம் (அன்லாக்) போச்சு. முதலில் 8 எம்பி கார்டு ஒன்று வாங்குங்கள்.